வழிச்செலவு

லாரி அலுவலகங்களில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு கணக்குத் தாள் உண்டு. டீசலுக்கு ஒரு வரி, டிரைவர் பேட்டாவுக்கு ஒரு வரி, சுங்கச்சாவடிக்கு ஒரு வரி, ஏற்றுகூலி இறக்குகூலிக்கு ஒரு வரி, பஞ்சர் ஒட்டியதற்கு ஒரு வரி என்று அது நீளும். எல்லாவற்றுக்கும் கீழே, கூட்டுத்தொகைக்குச் சற்று மேலே, 'வழிச்செலவு' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பெரும்பாலும் ரசீது இராது. சங்ககிரியில் ஒரு லாரி அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிய நான் அந்த வரியை எத்தனை முறை நிரப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அளவை மீறி ஏற்றிய பாரத்துக்காகச் சாவடியில் கொடுத்த தொகை, காலாவதியான எப்.சி.யைக் கண்டும் காணாதிருக்கக் கொடுத்த தொகை, எப்போதாவது முறைப்படி விதிக்கப்பட்டுக் கட்டிய அபராதம் ஆகிய எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கின. கையூட்டும் தண்டமும் ஒரே வரியில் வந்து விழுவதில் அன்று எனக்கு எந்த வியப்பும் இல்லை. முதலாளிக்கும் இல்லை. இரண்டும் வண்டி ஊர் போய்ச் சேர்வதற்கான செலவு, அவ்வளவே.

சென்ற தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. இரண்டு லாரிகளுக்கு உரிமையாளரான ஒரு பெரியவர், ஒளிவுமறைவு அறியாதவர், நேராகவே கேட்டார்: "பன்னெண்டு டன் ஏத்த வேண்டிய வண்டியில பதினாறு டன் ஏத்தறமுங்க. புடிச்சா அபராதம் கட்டறோம். கட்டுன பொறகு அதுல பாவம்னு என்னங்க பாக்கி இருக்குது?" சிலர் சிரித்தனர். வழிநடத்திய ஆசிரியை, அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதியதை நினைவூட்டினார். பெரியவர் தலையசைத்தார்; ஆனால் அவருக்கு விடை கிடைத்ததாகத் தெரியவில்லை. கீழ்ப்படியவில்லை என்பதை அவர் மறுக்கவில்லையே! கீழ்ப்படியாமைக்கு உரிய விலையைக் கொடுத்துவிட்டேன், பிறகென்ன என்பதுதானே அவர் கேள்வி.

அவர் அறியாமலே நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஓர் இறையியல் விவாதத்துக்குள் கால் வைத்திருந்தார். மனிதர் இயற்றும் சட்டம் நீதியானதாயின் அது மனச்சான்றையே கட்டுப்படுத்தும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த அல்போன்சோ தெ காஸ்த்ரோவும், அவருக்குப் பின் இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ சுவாரசும் இன்னொரு வகைச் சட்டத்தைப் பற்றி ஆராய்ந்தனர். அதற்கு 'வெறும் தண்டனைச் சட்டம்' என்று பெயர். அரசனுக்குரிய காட்டில் விறகு வெட்டக் கூடாது, வெட்டினால் இவ்வளவு தண்டம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது மனச்சான்றை நோக்கி 'வெட்டாதே' என்று சொல்லவில்லை. 'வெட்டாதிரு, அல்லது தண்டம் கட்டு' என்றே சொல்கிறது. எனவே வெட்டியவன் அகப்பட்டபோது முணுமுணுக்காமல் தண்டத்தைக் கட்டிவிட்டால் அவன் கடவுள் முன் குற்றவாளி அல்லன். இதுவே அக்கொள்கையின் சாரம். பின்வந்த அறநெறி இறையியலார் பலர் இதைப் பல நூற்றாண்டுகள் கையாண்டனர்.

இதைக் கள்ளருக்குக் கண்டுபிடித்த சாக்கு என்று எண்ணிவிடக் கூடாது. அரசர்கள் வரிமேல் வரியும் தடைமேல் தடையும் விதித்த காலம் அது. சுள்ளி பொறுக்கிய ஏழைக் கிழவியின் தலையில் தண்டத்தோடு பாவச்சுமையையும் ஏற்ற வேண்டுமா என்ற இரக்கம் அந்த ஆராய்ச்சிக்குள் இருக்கிறது. இன்றும் அதற்கு இடமுண்டு என்பது என் எண்ணம். உரிமத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்த டிரைவர் நூறு மைல் போனபின் அதை உணர்கிறார். வழியில் அபராதம் கட்டுகிறார். இதைச் சொல்லி ஒருவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் உரிமத்தை மறந்து வந்தவரும் உரிமமே இல்லாதவரும் ஒரே அபராதப் புத்தகத்தின் அடுத்தடுத்த தாள்களில் இடம்பெறுவதால் ஒரே செயலைச் செய்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

'இதைச் செய், அல்லது அதைக் கட்டு' என்னும் ஏற்பாடு, இரண்டில் எது நடந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒன்றுதான் என்ற நிலையில் மட்டுமே பொருள்படும். அரசனுக்கு விறகு போனால் காசு வந்தது; அவன் இழப்பு ஈடாயிற்று. லாரியின் பாரத்தில் எதிர்த்தரப்பு யார்? அபராதத்தைப் பெறுவது கருவூலம். ஆபத்தைப் பெறுவது எதிரே இருசக்கர வண்டியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றி வருகிறவன். ஒருவனுக்குரியதை எடுத்துவிட்டு இன்னொருவனிடம் விலை கொடுத்தால் அது எந்த ஊர் வாணிகம்?

இந்த விஷயத்தில் அரசுகளே நமக்குத் தவறான பாடம் கற்பித்ததுண்டு. சில மாநிலங்கள் கூடுதல் பாரத்துக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வண்டியை அப்படியே போகவிட்டன. உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் இதைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்த்தது. தொகை கட்டியதால் வழக்கு முடியலாம். ஆனால் கூடுதல் பாரத்தோடு வண்டி மேலும் ஓட அது அனுமதிச் சீட்டு ஆகாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தியபோது, 194-ஆம் பிரிவில் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாகவும், ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் உயர்த்தினர். தொகையைவிட அதனோடு சேர்த்த நிபந்தனையே பெரிது: அதிகப்படியான சரக்கை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது. ஆக, அபராதம் என்பது விலையல்ல என்று சட்டமே சொல்லிவிட்டது. அதை விலையாக மாற்றியது எங்களைப் போன்றவர்களின் கணக்குத் தாள்.

திருச்சபையின் போதனையிலும் இதற்குத் தெளிவு உண்டு. 1965-இல் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் சங்க ஏட்டின் 30-ஆம் எண், தன்னலம் மட்டுமே கருதும் ஒழுக்கத்தைக் கண்டிக்கும்போது, நீதியான வரியை ஏய்ப்பவர்களோடு சாலையின் வேக விதிகளைப் பொருட்படுத்தாதவர்களையும் சேர்த்தே பேசுகிறது. 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில், குடியாலும் வேக வெறியாலும் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றம் புரிகின்றனர் என்று கற்பிக்கிறது. இந்தக் கருத்து எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். அரசுக்குக் குடிமக்கள் ஆற்ற வேண்டிய கடமைகள் நான்காம் கட்டளையின்கீழ் வருகின்றன. சாலையின் ஆபத்து அங்கே இல்லை. கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின்கீழ் வருகிறது. எங்கள் அன்பியத்தில் பேச்சு நான்காம் கட்டளையிலேயே நின்றுவிட்டது.

பாரம் ஏறினால் என்ன நேர்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஓட்டாதவர்களுக்கு இது தெரிவதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் வண்டி தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் வேகம் பிரேக் டிரம்மில் சூடாக மாறுகிறது. எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சூடும் கூடும். ஓர் அளவுக்குமேல் டிரம் காய்ந்துவிட்டால் லைனிங் பிடிப்பை இழக்கும். டிரைவர் மிதியை முழுக்க அழுத்தியிருப்பார், வண்டி நிற்காது. கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினே பாதி வேலையைச் செய்யும். ஆனால் டீசலை மிச்சப்படுத்தச் சொல்லும் முதலாளியும் உண்டு, மிச்சத்தில் தமக்கும் பங்கு கிடைக்கும் என்பதற்காக நியூட்ரலில் இறக்கும் டிரைவரும் உண்டு. அந்தக் கணவாயில் நடந்த விபத்துச் செய்திகளில் 'பிரேக் பிடிக்காததால்' என்ற சொல்லை எத்தனையோ முறை படித்திருக்கிறோம். பிரேக் ஏதோ தானாகவே மனம் மாறிவிட்டது போல!

கண்ணுக்குத் தெரியாத கேடு இன்னொன்று. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சாலைகளின்மேல் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின்மேல் உள்ள பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்கு என்று அதில் தெரியவந்தது. பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்கு. மழைக்காலத்தில் அந்தக் குழியில் விழுந்து இறப்பவனைக் கொன்றது யார்? குழியைத் தோண்டிய வண்டிகள் மாதங்களுக்கு முன்பே போய்விட்டன. எதுவும் அபராதப் பாக்கி வைத்துவிட்டுப் போகவில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது.

பெரியவரிடம் பின்னொரு நாள் இதையெல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை. ஆறு சக்கர லாரியின் மொத்த எடைக்கு 16.2 டன் என்றிருந்த வரம்பை 2018 ஜூலையில் 18.5 டன்னாக உயர்த்தினார்களே, அப்படியானால் ஜூன் மாதம் பாவமாக இருந்தது ஆகஸ்டில் புண்ணியம் ஆகிவிட்டதா என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு எனக்கு உதவியது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் யாரேனும் விழுந்து இறந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்று மோசே கட்டளையிடுகிறார். சுவரின் உயரம் எத்தனை முழம் என்று அவர் சொல்லவில்லை. அதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். ஓர் ஊரில் இரண்டு முழம் என்பார்கள், நாளை மூன்று என்பார்கள். அளவு மாறும் என்பதால் சுவரே வேண்டாம் என்று ஆகாது. ஒவ்வொருவனும் தன் ஆதாயத்துக்குத் தக்கபடி அளந்துகொள்ளத் தொடங்கினால் பிறகு சுவர் இராது. அளவை யார் குறித்தாலும் குறித்த அளவுக்கு எல்லாரும் நின்றால்தான் எதிரே வருகிறவன் எங்களை நம்பிச் சாலையில் இறங்க முடியும். இன்னொன்றும் அவரிடம் சொன்னேன்: வரம்பு உயர்ந்த பிறகும் நீங்கள் வரம்புக்குள் நிற்கவில்லையே! அவர் சிரித்துவிட்டார்.

ஆயினும் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் போனால் நான் எழுதிய கணக்குகளுக்கே துரோகம் செய்தவன் ஆவேன். வாடகை டன்னுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. செலவோ நடைக்கு இவ்வளவு என்று வருகிறது. டீசல், சுங்கம், பேட்டா, டயர் தேய்மானம், பைனான்ஸ் தவணை எல்லாவற்றையும் கழித்தால், அனுமதிக்கப்பட்ட பன்னிரண்டு டன்னும் வண்டி போய்வருவதற்கே சரியாகப் போய்விடும். வீட்டுக்கு அரிசி வாங்குவது பதின்மூன்றாவது டன். நான் ஏற்ற மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் புரோக்கர் கோபிப்பதில்லை. அடுத்த வண்டியைக் கூப்பிடுகிறார். நூறு லாரி வைத்திருப்பவர் மறுக்கலாம். ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி, அதற்கு 'ஆரோக்கிய அன்னை துணை' என்று எழுதி, வேளாங்கண்ணியில் மந்திரித்து ஓட்டுகிறவருக்கு மறுப்பதன் விலை வண்டியே. இத்தகையவரின் குற்றம் குறைந்தது என்றே நினைக்கிறேன். அறநெறி இறையியலும் நெருக்கடி பொறுப்பைக் குறைக்கும் என்று ஏற்கிறது. ஆனால் குறைந்த அந்தப் பங்கு எங்கே போகிறது? ஆவியாகிவிடுவதில்லை. டன் கணக்கில் வாடகை பேசி, எடை மேடைச் சீட்டைக் கண்ணால் பார்த்தும் கேட்காமல் ஏற்றி அனுப்பிய சரக்குக்காரரிடம் போகிறது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று சிமெண்ட் வாங்கி வீடு கட்டிய என்னிடமும் சிறிது வருகிறது.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்ல வேண்டும், உரிமையாளனுக்குப் பழியில்லை. ஆனால் அந்த மாடு முட்டும் பழக்கமுடையது என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவன் கட்டி வைக்காதிருந்தால் பழி அவனையும் சேரும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவும் வேறு வழியாக இதே இடத்துக்கு வருகிறது. அதிக பாரத்தோடு வண்டி பிடிபட்டு, ஓட்டியவர் உரிமையாளர் அல்லர் என்றால், உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் அது நடந்தது என்று நீதிமன்றம் கொள்ளலாம். மோசேயும் நாடாளுமன்றமும் உரிமையாளனை நோக்கிக் கேட்கும் கேள்வி ஒன்றே: உனக்குத் தெரியுமா, தெரியாதா? எங்கள் தொழிலில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். டிரைவர், முதலாளி சொன்னார் என்பார். முதலாளி, புரோக்கர் என்பார். புரோக்கர், சரக்குக்காரர் என்பார். கணக்கு எழுதுகிறவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவனை யாரும் கேட்பதில்லை.

என்னையும் யாரும் கேட்கவில்லை. நடந்தது 2009-இல்.

அந்நாளில் நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. 2018-இல்தான் அது நீக்கப்பட்டது. எங்கள் அலுவலகம் ஒரு டிரைவரையும் ஒரு கிளீனரையும் அனுப்பும். காகிதத்தில் இரண்டாவது டிரைவர் பெயர் ஒன்றை நான் எழுதுவேன். அந்த ஆள் அன்று வேறு வண்டியிலோ தம் ஊரிலோ இருப்பார். இரவு இரண்டு மணிக்குமேல் டிரைவருக்குக் கண் சொக்கும்போது கிளீனர் வண்டியை எடுப்பான். இது எங்கள் அலுவலகத்தில் மட்டும் நடந்ததன்று. இன்றுள்ள கைதேர்ந்த டிரைவர்களில் பலர் இப்படித்தான் கற்றார்கள். குரு அருகில் உறங்க, சீடன் காலிச் சாலையில் கையைப் பழக்குவான். சரக்கு வண்டி ஓட்ட இருபது வயது நிறைய வேண்டும், சிறு வண்டி உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் சொல்வது அவன் காதுக்கு எட்டியதே இல்லை. எட்டியிருந்தாலும், டிரைவர் எழுந்து ஓட்டுவதா, வண்டியை ஓரங்கட்டி இரண்டு மணி நேரம் தாமதிப்பதா, இவன் எடுப்பதா என்பதைத் தீர்மானிப்பவன் அவன் அல்லன். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னவன் நான்.

கிருஷ்ணகிரிக்கு அப்பால், விடியுமுன், சைக்கிளில் போன ஒருவர் இறந்தார். ஓட்டியவன் பத்தொன்பது வயதுக் கிளீனர். டிரைவர் விழித்து எழுந்து, பையனை இறக்கிவிட்டுத் தாம் இருக்கையில் அமர்ந்துகொண்டார். தொலைபேசியை எடுத்தவன் நான். முதலாளியிடம் சொன்னேன். "டிரைவர் பேர்லயே போகட்டும்" என்றார். டிரைவரின் உரிம நகலையும் காப்பீட்டு நகலையும் நானே அனுப்பினேன். வழக்கு டிரைவர் பெயரில் நடந்தது. காப்பீட்டு நிறுவனம் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு காசும் கிடைத்திராது, பொய் ஒரு விதவையைக் காப்பாற்றியது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நெடுங்காலம் இதை நான் நம்பினேன். ஓட்டியவருக்குச் சரியான உரிமம் இல்லாவிட்டாலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டோருக்குக் கொடுத்துவிட்டுப் பின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஜனவரியிலேயே தெளிவாக்கியிருந்தது என்பதைப் பின்னால்தான் ஒரு வழக்கறிஞர் வாயிலாக அறிந்தேன். அப்படியானால் எங்கள் பொய் காப்பாற்றியது விதவையை அல்ல. முதலாளியின் பணத்தைக் காப்பாற்றியது. இரண்டாவது டிரைவர் பெயரை எழுதிய என் கையைக் காப்பாற்றியது.

காவல் நிலையத்துக்குப் போய்வந்தது, பிரேத வண்டிக்குக் கொடுத்தது, வக்கீலுக்கு முதல் தவணை எல்லாவற்றையும் அந்த நடையின் கணக்குத் தாளில் 'வழிச்செலவு' என்ற வரியில் எழுதினேன். வேறு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை.

பிறகு பல ஆண்டுகள் ஒப்புரவு அருட்சாதனத்தில் 'பொய் சொன்னேன், சாமி' என்று மட்டும் சொல்லி வந்தேன். பெரியவரின் கேள்விக்குப் பின், இந்தத் தவக்காலத்தில், நடந்ததை முழுவதும் சொன்னேன். யாருக்கு எதை எப்படி ஈடுசெய்வது என்ற குழப்பத்தையும் சொன்னேன். சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னபோது யாரை ஏமாற்றினோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் குழி தோண்டிய சாலைகளில் விழுந்தவர்களை எங்கே தேடுவேன்? குருவானவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இப்ப எங்கே இருக்கார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் இறந்தவரைப் பற்றி நினைத்திருக்கிறேன், அவர் மனைவியைப் பற்றி நினைத்திருக்கிறேன், என்னைப் பற்றி அளவுக்குமேல் நினைத்திருக்கிறேன். அவனைப் பற்றி நினைக்கவில்லை. அவன் செய்ததை அவனிடமிருந்து வாங்கி இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டோம். அதோடு அவன் விடுவிக்கப்பட்டான் என்று எண்ணிவிட்டோம்.

2007-இல் திருப்பீடத்தின் குடிபெயர்ந்தோருக்கான மேய்ப்புப்பணி அவை, சாலையில் செல்வோரைப் பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வண்டி ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகள் அதில் உள்ளன. அவற்றுள் எட்டாவது, விபத்துக்குக் காரணமானவரையும் பாதிக்கப்பட்டவரையும் தக்க நேரத்தில் சந்திக்கச் செய்து, மன்னிப்பின் விடுதலையை அவர்கள் உணர உதவ வேண்டும் என்ற பொருளில் அமைந்தது. செய்தித்தாளில் படித்தபோது இது நடக்கிற காரியமா என்று நினைத்து அப்பால் போனவன் நான்.

பழைய டிரைவர்களிடம் விசாரித்து அவனைக் கண்டுபிடித்தேன். நாமக்கல்லில் ஒரு டிரெய்லர் ஓட்டுகிறான், முறையான கனரக உரிமம் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள். எடை மேடைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். அரைமணி நேரம் டயர் விலையைப் பற்றியும், இப்போது கிளீனர் கிடைக்காமல் எல்லா வண்டியும் ஒற்றை ஆளாக ஓடுவதைப் பற்றியும் பேசினான். தூக்கம் வந்தால் எங்கே இருந்தாலும் ஓரங்கட்டிவிடுவதாகவும், அதனாலேயே இரண்டு இடத்தில் வேலை போயிற்று என்றும் சொன்னான். அந்த இரவைப் பற்றி நான் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனே தொடங்கினான்.

"ஏனுங்ணா, அவரு எந்த ஊருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? அன்னிக்கு என்னைய வேற வண்டியில ஏத்தி அனுப்பிச்சுட்டாங்க. பேருகூட யாரும் எங்கிட்டச் சொல்லலைங்க."

பெயரும் ஊரும் இழப்பீட்டுக் கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தவன் நான். சொன்னேன். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். எழுத்துச் சரியா என்று என்னிடம் காட்டினான்.